மாதிரி நாடி

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு நாரை மெயில் சேவை படுத்துவிட்டது. மறுபடி எழுந்தபோது மணி ஒன்று ஆக ஐந்து நிமிடம். இப்படி ஆகும்போதெல்லாம் மன்னிப்பு எழுதும் வேலை சிற்றரசுவிடம்தான் வரும். அன்றும் எழுதினான். 'சேவையில் சிறு தடங்கல் ஏற்பட்டது. வருந்துகிறோம். ஒரு மெயில்கூடத் தொலையவில்லை.' மூன்று வாக்கியத்தைத் தாண்டினால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பது பதினேழு வருட வேலையில் அவன் கற்றது.

மூன்றாவது வாக்கியம் உண்மை. எதுவும் தொலையவில்லை. நடந்தது அதற்கு நேர் எதிரானது. நாரை நிறுவனம் ஆறு வருடமாக ஒவ்வொருவருக்கும் காட்டாமல் நிறுத்தி வைத்திருந்த மெயில்கள் எல்லாம் அந்த இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் அவரவர் பெட்டிக்குள் வந்து விழுந்தன. கோளாறு சரியானதும் அத்தனையும் பழையபடி உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டன. நிறையப் பேர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்கள் எரிச்சலுடன் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தரமணி அலுவலகத்தின் வாசல் காவலர் மேலே போன் செய்தார்.

"சார், ஒரு அம்மா காலைலேர்ந்து உக்காந்திருக்காங்க. கம்ப்ளெயின்ட்டெல்லாம் மெயில்லதான் குடுக்கணும்னு சொன்னேன். மெயில் மேலதான்யா கம்ப்ளெயின்ட்டேங்கிறாங்க. நான் என்ன சொல்றது?"

சிற்றரசு இறங்கிப் போனான். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தாள். பாக்கியசீலி என்று பெயர் சொன்னாள்.

"தூத்துக்குடில இருந்து வாரேன் சார். உப்புக் கம்பெனில எடை மேடைல சீட்டு அடிக்கேன். லாரிக்காரன் எறங்கி வந்து ஆயிரம் பேசுவான். சீட்டு வந்துட்டுன்னா வாய மூடிக்கிடுவான். எனக்கு அந்த மாதிரி ஒரு சீட்டு வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"என்ன சீட்டும்மா?"

"என் தம்பி என் மெயிலப் படிச்சானா இல்லியான்னு."

தம்பி எபநேசர் மூன்று வருடத்துக்கு முன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். நடுக்கடலில் போன் எடுக்காது. மெயில் மட்டும் போகும். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நாற்பது நாளில் பாக்கியசீலி பதினொரு மெயில் அனுப்பினாள். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்துவிடு என்றுதான் எல்லாவற்றிலும் எழுதியிருந்தாள். ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அதனதன் கீழே பதிலும் அச்சாகியிருந்தது.

'கெடச்சுதுக்கா. கொஞ்சம் வேலை. சீக்கிரம் எழுதுதேன்.'

'பாத்தேன்கா. ரெண்டு நாள் பொறு. எழுதுதேன்.'

"பதினொண்ணுக்கும் பதில் வந்துச்சு சார். ஆளு வரல. அம்மாவ அடக்கம் பண்ணி ஒரு மாசம் கழிச்சுக் கொச்சில எறங்கிப் போன் போடுதான். நான் எடுக்கல. மூணு வருசமா எடுக்கல. போன புதன்கிழமை எங்க சித்தி மகன்கிட்டப் பேசி அழுதிருக்கான். மெயிலெல்லாம் இப்பத்தான் வந்துச்சாம். நாலு படிக்கதுக்குள்ள மறஞ்சும் போச்சாம். மூணு வருசத்துக்கு முன்ன போட்ட மெயில் இப்ப வருமா சார்? கப்பலுக்குப் பின்னாலயே நீந்திக்கிட்டு வந்துச்சா?"

சிற்றரசு முதல் தாளைக் கையில் எடுத்தான்.

"மெயில் வரல, ஸ்பாம்ல போயிருக்கும்ங்கது ஊரு ஒலகமே சொல்லுத பொய்தான். நானே மேனேஜர்ட்ட எத்தனை தடவ சொல்லிருக்கேன்! ஆனா அம்மா விசயத்துல அதச் சொல்லுதான் பாருங்க." காகிதங்களை மறுபடி அடுக்கினாள். "சித்தி மகன் இவன நம்புதான். நான்தான் கல்லு மாதிரி இருக்கேனாம். நீங்க எழுதிக் குடுங்க. படிச்சான்னா படிச்சான்னு. எனக்கு ஒரு பயமும் இல்ல."

அந்தப் பதில்கள் எதையும் எபநேசர் எழுதியிருக்க மாட்டான் என்பது முதல் தாளைப் பார்த்ததுமே சிற்றரசுவுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்பியவர் மனம் நோகாதபடி ஒரு சின்னப் பதிலை, பெறுபவரின் பேச்சு வழக்கிலேயே நாரை எழுதி அனுப்பிவிடும். அவர் பெட்டியில் அதன் சுவடு இருக்காது. 'எழுதுதேன்' என்ற சொல்லைக்கூட அவன் பழைய மெயில்களிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு அந்த வருடத்தின் சிறந்த யோசனை என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

"ஒரு வாரம் டைம் குடுங்கம்மா" என்றான்.

அவள் போனபின் மேலே வந்து பதினொரு மெயில்களையும் தேடி எடுத்தான். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே குறிப்பு: 'பட்டை இல்லாதவர். மாதிரி நாடி 7.' திரையை அணைத்தான்.

திங்கட்கிழமை ரகோத்தமனின் அறைக்குப் போனான். ரகோத்தமன் அவனுக்கு மேலதிகாரி. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஸ்டேட்டஸ் என்ன காட்டுது சித்து?"

"சேர்ந்ததுன்னு காட்டுது."

"அப்ப சேர்ந்ததுன்னு ஒரு வரி எழுதி, சீல் வெச்சுக் குடுத்துடு. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கா."

"நம்மகிட்ட சேர்ந்துது ரகு. அவன்கிட்ட சேரல."

"நம்ம பெட்டி வேற, அவன் பெட்டி வேறயா? சேரும்போதே கண்டிஷன்ல ஓகே அழுத்தியிருக்கான். மனசைக் கலைக்கிற மெயிலை அப்புறமா காட்டுவோம்னு அதுலயே இருக்கு."

"அப்புறம்னா எப்போ?"

"நாடி ஒரு மணி நேரம் அமைதியா இருக்கும்போது. நீ எழுதின விதிதானேப்பா, என்னைக் கேக்கறே?"

"அவன் கையில பட்டையே இல்ல. கப்பல்ல யார் பட்டை கட்டறா? நாடியே தெரியாதவனுக்கு அமைதி எப்போ வரும்? வராது. அவ அம்மா செத்து மூணு வருஷம். இன்னும் அந்த அப்புறம் வரல."

ரகோத்தமன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தத் திட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். விளம்பர மெயில்களைத் தடுப்பதில் எல்லா நிறுவனங்களும் தேர்ந்துவிட்டன. அடுத்து என்ன என்று யோசித்தபோது, மனிதனைத் தொந்தரவு செய்வது விளம்பரம் மட்டும்தானா என்று கேட்டவன் சிற்றரசு. கையில் நாடி பார்க்கும் ஒரு பட்டை. மெயில் வந்ததும் நாடி எகிறினால் அந்த மெயில் மறைந்துகொள்ளும். 'இளைப்பாறல்' என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் நன்றாகத் தூங்கினார்கள். மருத்துவர்கள் பாராட்டிக் கட்டுரை எழுதினார்கள். ஆனால் பட்டை கட்ட மறுத்தவர்கள்தான் அதிகம். அவர்களை விட்டுவிட மனமில்லை. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் ஒரு வாரம் பட்டை கட்டிக்கொண்டு தங்கள் சொந்த மெயில்களைப் படித்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாடிகளை, பட்டை கட்டாதவர்களின் வாழ்க்கை பன்னிரண்டு பேரில் யாரோடு ஒத்துப்போகிறதோ அதைப் பார்த்து அவரவருக்குக் கடன் கொடுத்தார்கள்.

"ஏழாம் நம்பர் எந்த மாதிரி ஆளுங்களுக்குப் போச்சுன்னு பார்த்தேன் ரகு. வெளியூர்ல வேலை, வீட்டுல வயசானவங்க, அவங்களைப் பார்த்துக்க கூடப்பொறந்தவ ஒருத்தி. முப்பத்தோரு லட்சம் பேர்."

"யாருப்பா ஏழு?"

சிற்றரசு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரகோத்தமனும் மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே யாரோ சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள்.

"இதுக்குத்தான்டா பேர் போடாம நம்பர் போட்டோம்" என்றான் ரகோத்தமன் கடைசியில், மிக மெதுவாக. "ஒரு லெட்டர் குடுத்தா முப்பத்தோரு லட்சம் பேர் வாசல்ல வந்து நிப்பாங்க. உனக்குப் புரியுதா?"

புரியாமல் இல்லை.

அன்று சாயங்காலம், தான் பட்டை கட்டியிருந்த அந்த ஒரு வாரத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்தான். வியாழக்கிழமை, பதினொன்று இருபது. அதுவரை எழுபத்து நான்கில் ஓடிக்கொண்டிருந்த நாடி நூற்றுப் பதினெட்டுக்குத் தாவியிருந்தது. மன்னார்குடியிலிருந்து கயற்கண்ணி அக்கா அனுப்பியது. தலைப்பு 'அப்பா விஷயம்.' அன்று அவன் அதைத் திறக்கவில்லை. ஒரு கூட்டம் இருந்தது என்று நினைவு. கூட்டம் எதுவும் இருக்கவில்லை என்றும் நினைவு இருந்தது.

அந்த ஒரு தாவலிலிருந்து இயந்திரம் பாடம் படித்துக்கொண்டது. அக்காமார்கள் எழுதுவது, அப்பாவோ அம்மாவோ வருவது, தலைப்பில் விஷயம் என்று மட்டும் போட்டு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது எல்லாம் ஆகாதவை. அதற்குப்பின் அக்காவின் மெயில்கள் அவன் கண்ணில் பட்டது குறைவு. உள்ளே கிடக்கும் என்பது தெரியும், திறந்து பார்க்கும் வழியும் தெரியும். அவன் திறக்கவில்லை. அக்கா எப்போதாவது போனில், 'சீக்கிரம் எழுதறேன்னு போட்டியேடா' என்று கேட்கும்போது, 'ஆமாக்கா' என்று சொல்லிவிடுவான். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஆறு வருடம் கழித்து அந்த வியாழக்கிழமை மெயிலைத் திறந்தான்.

'அரசு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ லீவு போட்டு அலைய வேண்டாம். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். நர்ஸம்மா எந்தப் படத்தில் நடிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதிலிருந்து கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார். போட்டோ வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரி.'

போட்டோவில் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா எதையும் கேட்கவில்லை. எந்தக் கெட்ட செய்தியும் அதில் இல்லை. அவன் நாடி பயந்தது செய்தியைப் பார்த்து அல்ல, அக்காவின் பெயரைப் பார்த்து. தான் செய்ய வேண்டியதை இன்னொருத்தி செய்துகொண்டிருக்கிறாள் என்பதை அந்தப் பெயர் ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தைத்தான் வாங்கி, முப்பத்தோரு லட்சம் பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தான்.

கடிதத்தை அவனே எழுதினான். பத்து வரி. அலுவலகத் தாளில், கீழே பெயர், பணி எண், கையெழுத்து. தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தான். யோசிக்கும்போதே, அப்படி அனுப்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பதும் தோன்றியது. அதனால் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தான்.

எடை மேடை ஊருக்கு வெளியே, உப்புப் பாத்திகள் தொடங்கும் இடத்தில் இருந்தது. காலை பத்து மணிக்கே கண் கூசியது. தகரக் கூரை போட்ட அறைக்குள், ஜன்னலோரமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் பாக்கியசீலி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏக்கா, ஈரத்துக்குக் கொஞ்சம் கழிச்சுப் போடுக்கா."

"ஈரம் போகணும்னா வண்டிய நாலு மணி நேரம் வெயில்ல நிப்பாட்டு. கூடவே நீயும் நில்லு, உன் கொழுப்பும் கொறையும். அடுத்த வண்டி!"

சிற்றரசுவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "நீங்க எதுக்கு சார் இவ்வளவு தூரம்? கூரியர்ல போட்டிருக்கலாம்லா?"

அவன் கடிதத்தைக் கொடுத்தான். அவள் நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒரு லாரி மேடையில் ஏறியது. சீட்டு அடித்துக் கொடுத்தாள். அடுத்த லாரிக்கும் கொடுத்தாள். அவனை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவனாகவே பெஞ்சில் உட்கார்ந்தான்.

மூன்றாவது லாரி இறங்கிப் போனதும் கேட்டாள். "அந்தப் பதில்லாம்?"

"மெஷின் எழுதுனது. உங்க தம்பிக்கு அப்படி ஒரு பதில் போனதே தெரியாது."

"எழுதுதேன்னு போட்டிருந்துச்சே."

"அவர் பழைய மெயில்லேர்ந்து எடுத்துக்கிட்டதும்மா. நான் போட்ட விதி. என்னோட நாடிய வெச்சுத்தான் உங்க மெயிலையும் நிறுத்துச்சு. எங்க அக்கா எழுதுனா எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் உங்க தம்பி..."

அவள் கடிதத்தை மேசையில் வைத்து, பறக்காமலிருக்க உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். பாத்திகளின் பக்கம் பார்த்தாள். தம்பி குற்றமற்றவன் என்று தெரிந்த முகத்தில் ஏன் வெளிச்சம் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை.

"சார், இத மாத்தி எழுதித் தாங்க."

"என்னம்மா?"

"சேர்ந்துச்சு, படிச்சான்னு எழுதித் தாங்க. மத்ததெல்லாம் வேண்டாம்."

"அது உண்மை இல்லியேம்மா."

"தெரியும். அதத்தான் கேக்கேன்." குரல் எழும்பவில்லை. "கடைசி நாளு அம்மாக்கு நெனவு நல்லா இருந்துச்சு. எபி வந்துட்டானான்னு கேட்டா. நான் நாப்பது நாளா ஒறக்கம் இல்லாம கெடந்தேன். எனக்குத் தாங்கல. 'பதினோரு மெயிலையும் படிச்சுட்டான், பதிலும் போட்டுட்டான், வர அவனுக்கு மனசில்ல, நீ சும்மா வாசலப் பாக்காத'ன்னு சொன்னேன். அம்மா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. பொறவு கேக்கவே இல்ல. திரும்புனது திரும்புனபடி போயிட்டா."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் கையசைத்துக் காத்திருக்கச் சொன்னாள்.

"அவன் படிச்சிருந்தான்னா நான் சொன்னது சரி. மூணு வருசம் அத வச்சுத்தான் சார் நடமாடிட்டு இருந்தேன்."

"எல்லாத்துக்கும் நான்தாம்மா காரணம். உங்க மேல ஒண்ணும் இல்ல."

"அப்படித்தான் சொல்லுவிய. உங்க பாரத்த எறக்கி வைக்க ராத்திரி பூரா ரயில்ல ஒக்காந்து வந்திருக்கிய. எங்க எறக்கினியன்னு பாத்தியளா?"

சிற்றரசு பையைத் திறந்தான். கையில் பேனா இருந்தது, பையில் இன்னொரு அலுவலகத் தாளும் இருந்தது. 'சேர்ந்தது' என்று ஒரே சொல். ரகோத்தமன் கொடுக்கச் சொன்னதும் அதுதான், இவள் கேட்பதும் அதுதான். எழுதிவிட்டால் இரண்டு பேரும் நன்றாகத் தூங்குவார்கள். எல்லாரும் நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் ஆறு வருடத்துக்கு முன்னாலும் அவன் நினைத்தான்.

"தம்பி நம்பர் குடுங்க" என்றான். "நானே அவர்கிட்டப் பேசறேன். மெயில நிறுத்துனது யாருன்னு மட்டும் சொல்றேன். நீங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு என் வாயிலேர்ந்து வராது."

அவள் தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், கடிதத்தின் மீதே வைத்தாள். எபநேசர் இப்போது வெளிநாட்டில், சலாலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்றாள். மணி போனது. இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"அக்கா?"

சிற்றரசு குனிந்து வாயைத் திறந்தான்.

"அக்கா, வச்சுராத. வச்சுராதக்கா. நான் சொல்லிருதேன்." மூச்சு வாங்கியது. பின்னால் இரும்பு மோதும் சத்தம். "நான் சித்தி மகன்கிட்டச் சொன்னது பொய்க்கா. மெயிலெல்லாம் அப்பவே வந்துச்சு. பதினொண்ணும் படிச்சேன். பதில் வந்துச்சுன்னு நீ அவன்கிட்டச் சொன்னதும் சரிதான், போட்டது நான்தான். பயந்துட்டேன், அதான் வரல. தப்பு என் மேலதான். ஒத்துக்கிடுதேன்க்கா. நீ பேசினா போதும்."

சிற்றரசு அவளைப் பார்த்தான். அவள் இடது கையை உயர்த்தி, பேசாதே என்று அவனுக்குக் காட்டினாள்.

அவள் கேட்ட வரி, கையெழுத்தோ சீலோ இல்லாமல், தம்பியிடம் கேட்காமலே வந்து மேசைமேல் கிடந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருடக் கோபத்தை மன்னிப்பாக மாற்றித் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். அவனும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வான். அம்மாவிடம் சொன்னது சரியாகவே இருந்துவிடும்.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த முகங்களைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் தள்ளிப் போனார்.

"அக்கா, இருக்கியா?"

அவள் உதடுகள் இரண்டு முறை அசைந்து நின்றன. போனுக்கு அடியிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏல எபி."

"அக்கா."

"பொய் சொல்லாதல. ஒனக்கு ஒண்ணுமே வரல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மறுமுனையில் இரும்புச் சத்தம்கூட இல்லை. ஏதோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டான் போலிருந்தது.

"அம்மா கடைசியா உன்னத்தான் கேட்டா. நான் அவகிட்ட ஒண்ணு சொன்னேன். அத இப்ப ஒங்கிட்டச் சொல்லுதேன். முழுசும் கேட்டுட்டு, பொறவு நீ பேசணும்னாப் பேசு, வச்சிரணும்னா வச்சிரு."